பிதற்றலும் பொறுப்பும்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர், இரண்டாம் நாள் இரவில் சொந்த மகனையே திருடன் என்கிறார். கையில் ஏறும் மருந்துக் குழாயைப் பிடுங்குகிறார். எவரையும் கடிந்து பேசியறியாதவர் அவர். "உள்ளே இருந்ததுதானே வெளியே வருகிறது" என்று உறவினர் முணுமுணுக்கின்றனர். அச்சொற்களுக்கு அவர் பொறுப்பாளியா?

மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பர். காய்ச்சலில் வரும் பிதற்றலை நம் மூத்தோர் ஜன்னி என்றனர். 1955-இல் பெட்போர்டு என்னும் ஆங்கில மருத்துவர், மயக்க மருந்துக்குப்பின் முதியோர் சிலரது அறிவாற்றல் குன்றியதை 'லான்செட்' இதழில் எழுதினார். மயக்க மருந்தின்மேல் பழி சுமத்துவது நமக்கும் எளிது. ஆனால் வட அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்து 2021-இல் வெளியான இரு ஆய்வுகள், இத்தகைய எலும்பு முறிவில் முழு மயக்கம் தந்தாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தாலும் குழப்பம் ஏறத்தாழ ஒரே அளவில் வருவதைக் கண்டன.

வேறொரு வழியே அதிகப் பயன் தந்தது. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பொது மருத்துவப் பிரிவில் இருந்த முதியோர்க்கு மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் கிடைக்கச் செய்தனர், தண்ணீர் பருகச் செய்தனர், நாளையும் இடத்தையும் நினைவூட்டினர், நடக்க வைத்தனர், இரவில் சூடான பாலும் சந்தடியற்ற உறக்கமும் தந்தனர். குழப்பம் நூற்றுக்கு 15-இலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்த 126 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்விலோ, முதியோர் மருத்துவரின் ஆலோசனையால் அது 50-இலிருந்து 32 ஆயிற்று. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பாவின் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுபோன நாமே பொறுப்பைப் பற்றிக் கேட்கிறோம்!

சாவான பாவத்திற்கு முழு அறிவும் மனமார்ந்த இசைவும் வேண்டும் என்பது நம் மறைக்கல்வி. மேலும், சுயநினைவோடு இருந்தபோது மறைமுகமாகவேனும் விரும்பியிருப்பார் எனில், அவருக்கு நோயில்பூசுதல் வழங்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (1006). அறிவு கலங்கிய வேளையிலும் அவரது பழைய விசுவாசத்தைத் திருச்சபை நம்புகிறது. அவரது பழைய அன்பை நாம் ஏன் நம்பக்கூடாது? அப்படியானால், அதே இரவில் அவர் "என் கண்ணே" என்று அழைத்ததையும் தள்ளிவிடுவதா என்று கேட்கலாம். வாழ்நாள் முழுதும் அழைத்த சொல்லன்றோ அது. அதற்கு முந்தைய சாட்சி உண்டு.

இரைச்சலின்றிச் சுவரையே பார்த்துக் கிடப்பவரும் இதே நோய்க்கு ஆளாகியிருக்கலாம். "தொந்தரவே இல்லை" என்று நாம் மெச்சும் அவரே மருத்துவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறார்.

தெளிந்தபின் பலர்க்கு நினைவு சிதறலாய் எஞ்சுகிறது, வெட்கமும் வருகிறது. "ராத்திரி நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கிறார் தந்தை. பொய் சொல்ல மகனுக்கு மனம் வரவில்லை; அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் வரவில்லை.

"ரொம்பப் பயந்துபோயிருந்தீர்கள், அப்பா. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்."