டப்பா போய் நிற்கும் இடம்

ஆபீஸ் மீட்டிங்குகளில் அடிக்கடி காதில் விழும் ஆங்கிலத் தொடர் ஒன்று: ‘கிக்கிங் த கேன் டவுன் த ரோட்’. தெருவில் கிடக்கும் தகர டப்பாவைக் குனிந்து எடுக்காமல், காலால் எத்திவிட்டு நடப்பது. தள்ளிப்போடுவதைக் குறிப்பதால் எல்லாத் தாமதத்துக்கும் இதையே சொல்லிவிடுகிறோம். துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினால் ‘புட் ஆஃப்’ போதும். டப்பாவை உதைக்க, முடிவெடுக்கும் பொறுப்பு நம்மிடம் இருக்கணும். முடிவுக்குப் பதிலாக ஒரு தற்காலிக ஒட்டு போட்டிருக்கணும். பிரச்சினை அப்படியே உயிரோடு இருக்கணும். அமெரிக்க நாடாளுமன்றம் பட்ஜெட்டை முடிக்காமல் செலவு அனுமதியைச் சில வாரங்களுக்கு மட்டும் நீட்டிக்கும்போது பத்திரிகைகள் இதை எழுதுவது அதனால்தான்.

தமிழிலும் ‘ஆறப்போடுவது’ வேறு, ‘கிடப்பில் போடுவது’ வேறு. முன்னதில் நிதானம் இருக்கிறது. பின்னதில் ஒரு ஃபைலும், அதற்காகக் காத்திருக்கும் ஒரு ஆளும் இருக்கிறார்கள்.

என் தொழிலிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. நினைவகம் விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள். 2000 நெருங்கியபோது பல இடங்களில் நான்கு இலக்கமாக மாற்ற நேரமில்லை. அதனால் ஒரு தந்திரம்: 00 முதல் 19 வரை வந்தால் 2000-களாக எடுத்துக்கொள், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் 1900-கள். இருபது வருஷத்தில் இந்த ப்ரோக்ராமே இருக்காது என்று நினைத்தார்கள். இரண்டு இலக்கம் எழுதியவர்கள் நினைத்ததும் அதேதான். 2020 ஜனவரியில் சில இடங்களில் பிழை தலைகாட்டியது.

இது தப்பா? கெடுவை நகர்த்த முடியாதபோது ஒட்டுப் போடுவது நியாயம்தான். கிடைத்த அவகாசத்தில் பழைய ப்ரோக்ராமை மாற்றியவர்கள் டப்பாவை உதைக்கவில்லை, நேரம் வாங்கினார்கள். முதல் நாள் இருவரும் செய்தது ஒரே வேலை. மறுநாளிலிருந்து என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அப்போ நம் சொந்தத் தள்ளிப்போடல்கள் நம்மோடு போய்விடுமா? டெரக் பார்ஃபிட் 1984-இல் வெளியான ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில், வருங்கால ‘நான்’ ஏறக்குறைய இன்னொரு மனிதரைப் போன்றவர் என்று வாதிடுகிறார். அவருக்குக் கெடுதல் செய்வது வெறும் அசட்டுத்தனம் மட்டுமில்லை, அறப்பிழையும் கூட. இது முழுசாகச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷம் கழித்து வரும் என்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வாய்ப்பில்லை என்றாலும், அவர் என்னைப் புரிந்துகொள்வார். என் கோடைத் திருத்தப்போகும், முகம் தெரியாத ஜூனியர் அப்படிப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அவரைக் கேட்டு நான் எதையும் தள்ளிப்போடவில்லையே.

அதனால் என் அளவுகோல் எளிமையானது: தள்ளிப்போட்டதை, தேதியோடும் காரணத்தோடும், அடுத்து வருபவர் கண்ணில் படும்படி எழுதி வைத்திருக்கிறேனா? பழைய 32-பிட் முறையில் நொடிகளை எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19-இல் எண்ணிக்கை தீர்ந்துவிடும். இருபது வருட வீட்டுக்கடன் கணக்குப் போடும் ப்ரோக்ராம் அந்தத் தேதியை இப்போதே தாண்டியாகணும்.