வருத்தமா, புகாரா?

ஜொகூர் பாருவில் நின்றால் எதிரே தெரிவது சிங்கப்பூர். 1971இல் அங்கே, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், அந்தத் தீவின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம், இலங்கைத் தமிழர். எதற்கெல்லாமோ ‘முதல் தமிழர்’ பட்டியல் போடுகிறோம். அதில் இதைச் சேர்த்து யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்தச் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தாலே, “பண்ணிக்கிட்டவங்க அப்புறம் வருத்தப்படறாங்களாமே?” என்று கேட்பார்கள். 2021இல் 27 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,900 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்த மீளாய்வில், வருந்தியவர்கள் சுமார் 1 சதவீதம். திரும்ப வராத நோயாளிகள் கணக்கில் விழுவதில்லை, அதனால் எண்ணைக் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வோம். அப்போதும் குறைவுதான். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்வரை திருப்தியில்லை என்கிறார்கள். அவர்களிடம் “உனக்கு நடக்கணும்னு ஆசை வந்ததே தப்பு” என்று யாரும் சொல்வதில்லை. டாக்டரைத்தான் கேட்கிறோம்.

வருந்துவது வேறு, புகார் சொல்வது வேறு. சிறுநீர்ப்பாதை சுருங்கலாம், சிறுநீர் வேறு வழியில் கசியலாம். புதிதாக அமைத்த யோனி சுருங்காமலிருக்க விரிப்பானை வருஷக்கணக்கில் பயன்படுத்த வேண்டும். ஆண்குறி அமைக்கும் சிகிச்சையில் சிக்கல் இன்னும் அதிகம், மறுபடி மேசையில் படுக்க வேண்டிவரும். இதெல்லாம் மருத்துவ நூல்களில் இருப்பவை. ஆனால் நோயாளி வாய் திறந்து சொன்னால், “பார்த்தியா, அப்பவே சொன்னோம்” என்று அவருடைய வலியைப் பிடுங்கி அவருக்கு எதிராகவே வீசுகிறோம். பிறகு யார் சொல்வார்கள்?

கேரளத்தின் அனன்யா குமாரி அலெக்ஸ் சொன்னார். 2020இல் செய்த அறுவை சிகிச்சைக்குப் பின் வலி, அதிக நேரம் நிற்க முடியவில்லை என்று பொதுவில் பேசினார். மருத்துவமனை தவறை மறுத்தது. 2021 ஜூலையில் கொச்சியில் இறந்து கிடந்தார். அவர் கேட்டது தன் உடம்பில் நடந்த வேலைக்கான கணக்கை. பெண்ணாக வாழ்வதைப் பற்றி அவரிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவேண்டியதில்லை.

நம் பக்கம் கணக்குக் கேட்கவே வழி குறைவு. 1980களின் தொடக்கத்தில் வந்த ஃபத்வாவுக்குப் பிறகு கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை நின்றுபோனது. முஸ்லிம்களுக்கான தடை, ஆனால் மற்றவர்களுக்கும் கதவு சாத்தியாயிற்று. வசதியுள்ளவர்கள் தாய்லாந்து போகிறார்கள். வெட்டிய டாக்டர் அங்கே, தையல் பிரிந்த உடம்பு இங்கே. ஆறு மாதம் கழித்து வரும் கசிவை யாரிடம் காட்டுவது? அடையாள அட்டையும் உதவாது. அறுவை முடித்துவந்த ஒருவருக்கு 2005இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. ஏறக்குறைய அதே காலத்தில் ஈப்போ உயர்நீதிமன்றம் இன்னொருவருக்கு மறுத்தது.

ஆகவே கிளினிக் கவுண்டரில் அட்டையை நீட்ட வேண்டும். தாதி அதிலிருக்கும் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். காத்திருக்கும் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கசிவைப் பற்றி டாக்டரிடம் சொல்லுமுன் அந்தப் பத்தடியை நடந்தாக வேண்டும்.