வெறுங்காலும் வேலைத்தலமும்



பதிக்குள் நுழையும் முன்னே மிதியடியைக் கழற்றுவதற்கு அய்யாவழி மக்கள் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. ஆண்கள் மேல்சட்டை களைந்து, தலைப்பாகை கட்டி, வெறுங்காலோடு போய்க் கண்ணாடியின் முன் நிற்கிறார்கள். தாயின் இடுப்பிலிருந்து இறங்கிய பிள்ளைகூட வாசலில் தன் சின்னச் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடுகிறது. அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் எழுவது வேலைக்குப் போகும் இடத்தில்தான்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஓர் அன்பரை எடுத்துக்கொள்வோம். மாசி 20 அன்று நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலத்தோடு நடந்து முடிக்கும்வரை கால்களில் எதையும் அணிவதில்லை என்று அவர் தை மாதமே மனத்தில் நேர்ந்துகொள்கிறார். வெயில் ஏறும் முன்னே வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே விடியுமுன் நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், சருகு மூடிக் கிடக்கும் மண்ணில் மரத்துக்கு மரம் நடக்கிறார். மேற்பார்வை பார்ப்பவர் பூட்ஸ் போடச் சொல்கிறார். வீட்டிலே மனைவி, "செருப்பாவது போட்டுக்கிட்டுப் போங்க" என்று கெஞ்சுகிறாள். அவரோ, "அய்யா பாத்துக்கிடுவாரு" என்று சொல்லி இருட்டில் இறங்கிவிடுகிறார். நிழல்தாங்கலில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பாதிப்பேர் அவருடைய உறுதியைப் புகழ்வார்கள். பாதிப்பேர் அவருடைய பிள்ளைகளை நினைத்து வருந்துவார்கள். யார் பக்கம் தர்மம்?

இந்தக் கேள்விக்கு மற்ற மக்களைவிட அய்யாவழி மக்கள் கூடுதல் கவனத்தோடு விடை தேட வேண்டியிருக்கிறது. வெறுங்கால் என்பது அவர்களுடைய முன்னோருக்கு நேர்ச்சையாக இருந்ததில்லை. அது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட முறையாக இருந்தது. அன்றைய திருவிதாங்கூரில் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியார் காலில் செருப்பு அணியக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பொன்நகை பூணக் கூடாது. ஒரு நிலைக்கு மேல் வீடு எழுப்பக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. பனைக்கும் வரி, பனையேறும் ஏணிக்கும் வரி. கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி 20ஆம் நாள், அதாவது 1833இல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளி வந்தபோது, அவரைக் காண ஓடிவந்த மக்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடுதான் வந்தார்கள். தேரிமணல் கொதிக்கும், உடைமுள் தைக்கும். அந்தக் கால்களைப் பார்த்து, இவர்கள் பணிவுள்ளவர்கள் என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய பொய்!

கலியின் தந்திரமே இதுதான். பறித்துக்கொண்டதைப் பணிவு என்று பெயர் மாற்றிவிடும். பறிகொடுத்தவனே சில தலைமுறை கழித்து அதைத் தன் குணம் என்று நம்பிவிடுவான்.

தலைத்துணியின் கதையும் அதுவே. மேலாளர் எதிரே வந்தால் தலையில் கட்டியிருந்த துணி அக்குளுக்கோ இடுப்புக்கோ இறங்க வேண்டும். அந்தத் துணியைத்தான் அய்யா மீண்டும் தலைமேல் ஏற்றினார்; அதுவும் தெய்வத்தின் முன்னே நிற்கும்போது. மனிதன் முன்னால் இறக்கச் சொன்ன துணியை இறைவன் முன்னால் கட்டச் சொன்னது சாதாரணக் காரியம் அல்ல. அந்த ஒரு செயலில், தலை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு தீர்ந்துபோயிற்று. ஆனால் அதே பதியில் மிதியடி மட்டும் வெளியே கிடக்கிறதே, ஏன்? தலைக்குக் கிடைத்த விடுதலை காலுக்குக் கிடைக்கவில்லையா என்று இளைஞர்கள் கேட்டால் சினங்கொள்ள வேண்டியதில்லை. நல்ல கேள்விதான். பதிவாசலில் செருப்பைக் கழற்றாதவர் ஒருவரும் இல்லை. குருவும் கழற்றுகிறார், பணிவிடை செய்பவரும் கழற்றுகிறார், காரில் வந்தவரும் கழற்றுகிறார், கட்டைவண்டியில் வந்தவரும் கழற்றுகிறார். முத்திரிக் கிணற்றடியில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளித்ததைப் போன்ற காரியம் அது. ஒருவன் மட்டும் வெறுங்காலாக நிற்கும்போதுதான் அதிலே இழிவு ஏறுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலைத்தலத்துக்கு வந்தால் பல சந்தேகங்கள் தாமே விலகும்.

வெறுங்காலோடு செய்தால்தான் நடக்கும் வேலைகள் உண்டு. பனையேற்றம் அதில் முதலானது. தளைநாரில் இரு பாதத்தையும் மாட்டி, உள்ளங்காலால் மரத்தைக் கவ்வி ஏறுகிறவருக்குச் செருப்பு உதவாது, உயிருக்கே ஆபத்து. ஒரு நாளில் 30, 40 பனையைக் காலையும் மாலையும் ஏறி இறங்கி அக்கானி இறக்கியவர்களின் உள்ளங்கால் மரப்பட்டையைப் போலக் காய்த்துப் போயிருக்கும். நாற்று நடும் பெண்ணும் சேற்றில் வெறுங்காலோடுதான் இறங்குகிறாள். குழித்தறியில் அமர்ந்த நெசவாளியின் கால் மிதியை உணர வேண்டும். இவர்களுடைய வெறுங்காலில் பக்தியும் இல்லை, இழிவும் இல்லை, தொழில் இருக்கிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவன்தான் குறையுள்ளவன்.

விரும்பிச் செய்கிறவர்களும் உண்டு. கடையைத் திறக்கும்போது செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாள் முழுவதும் வெறுங்காலோடே தராசுக்குப் பின்னால் நிற்கும் வியாபாரியை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம். சோறு தரும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க அவர் நினைக்கிறார். யாருக்கும் கேடில்லாத வழக்கம். அதைச் செய்யாத கடைக்காரர் பக்தி குறைந்தவர் என்று எவரும் தீர்ப்புச் சொல்லாதவரை அது அழகுதான்.

பால்வெட்டும் அன்பரின் நிலை இவை இரண்டிலும் சேராது. அவருடைய தொழில் வெறுங்காலைக் கேட்கவில்லை, பூட்ஸைக் கேட்கிறது. சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்துக் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. மிதிபட்டால் அது கடிப்பது பாதத்திலோ கணுக்காலிலோதான். கட்டட வேலையில் பலகையோடு கிடக்கும் துருப்பிடித்த ஆணி இரணஜன்னியைக் கொண்டுவரும். ஓடையிலும் வயலிலும் தேங்கிய நீரில் கால்வெடிப்போடு இறங்குகிறவருக்கு எலிக்காய்ச்சல் வர வழியுண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்கோ பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போய், முள் ஏறியதே தெரியாமல் புண் பழுத்துக் காலையே எடுக்கவேண்டிய நிலைகூட வருகிறது. அதனால்தான் மருத்துவர்கள் அவர்களை வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்கிறார்கள். (இப்படிச் சொல்லும் மருத்துவமனைகளிலேயே சிலவற்றில் நோயாளி செருப்பை வாசலில் விட வேண்டும், மருத்துவர் மட்டும் பூட்ஸோடு உள்ளே உலாவுவார். சுத்தம் என்று பெயர். ஆனால் தரைக்கு அந்த வேறுபாடு தெரியாது.)

"அய்யாவே தவம் இருக்கவில்லையா? உடம்பின் சுகத்தைத் துறப்பதுதானே தவம்?" என்று அந்த அன்பர் கேட்கலாம். அய்யா இருந்த தவத்தை அகிலம் படித்தவர்களும் உகப்படிப்புக்குத் தவறாமல் வருகிறவர்களும் அறிவார்கள். ஆறு ஆண்டுகள், அதில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள். ஆனால் குழியிலிருந்து எழுந்து வந்தவர், தம் மக்களையும் குழிக்குள் இறங்கச் சொன்னாரா? வீட்டில் குடும்பத்தோடு கூடி வாழச் சொன்னார். ஒருவரை ஒருவர் தாங்கச் சொன்னார். மக்களுக்காக அவர் பட்ட பாட்டை மக்கள் ஆளுக்கொரு துண்டாகத் திரும்பப் படவேண்டும் என்று அவர் கேட்டதில்லை. உயிர்ப்பலியை விலக்கியவர், காணிக்கை வேண்டாம் என்றவர், ஒரு தொழிலாளியின் பாதத்திலிருந்து சொட்டும் இரத்தத்தை ஏற்றுக்கொள்வார் என்று எண்ணுவது அவரை அறியாதவர் எண்ணம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கால் அவருக்கு மட்டும் சொந்தமானதா? அவர் வெட்டும் பாலில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது, தாயின் மருந்து இருக்கிறது. அவர் விழுந்தால் வாசலில் நின்று கெஞ்சியவள்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்துப் படுக்க வேண்டும். தன்னுடையதைக் கொடுப்பது நேர்ச்சை. மனைவியின் நிம்மதியை எடுத்து அய்யாவுக்குக் கொடுக்க அவருக்கு உரிமை ஏது? "அய்யா பாத்துக்கிடுவாரு" என்பது நம்பிக்கையின் சொல்தான். ஆனால் தான் பார்க்கவேண்டியதைப் பார்த்துமுடித்தவன் வாயிலிருந்துதான் அது வரவேண்டும்.

நேர்ச்சையை முறித்தால் பாவம் வருமே என்ற அச்சமும் அவருக்கு இருக்கும். அச்சத்தைக் காட்டி ஆளும் பேய்களையெல்லாம் அய்யா எரித்துவிட்டார் என்பதை மறந்தவர்க்கே அந்த அச்சம். வேலை நேரத்தில் பூட்ஸ் போடட்டும். வெட்டு முடிந்து, பாலைச் சேர்த்து ஒப்படைத்து, வெயில் ஏறிய நேரத்தில் தாங்கலுக்கு வருகையில் வாசலில் கழற்றிவைத்துக் காலைக் கழுவி உள்ளே போகட்டும். மாசி 20 அன்று சாமிதோப்புவரை வெறுங்காலோடே நடக்கட்டும். அன்று சாலையில் அவரோடு ஆயிரமாயிரம் கால்கள் இருக்கும்.

இதுவரை சொன்னது உழைப்பவரைப் பற்றி. உழைப்பை வாங்குகிறவரைப் பற்றிப் பேசாமல் விட்டால் கட்டுரை பாதியிலேயே நின்றுவிடும்.

முன்னோர் பட்டது பழங்கதையாகி, அய்யாவின் அருளால் இன்று அய்யாவழி மக்களில் பலர் தோட்டம் வைத்திருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், செங்கல்சூளையும் முந்திரி ஆலையும் நடத்துகிறார்கள். அவர்களிடம் கூலிக்கு நிற்பவர்கள் இருக்கிறார்கள். பூட்ஸுக்கும் கையுறைக்கும் ஆகும் பணத்தை வீண்செலவு என்று தள்ளிவிட்டு, "அவங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்ல, வெறுங்காலுதான் வசதி" என்று முதலாளி சொல்லும்போது, அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே அவருடைய பாட்டனின் பாட்டனைக் காட்டி, மேல்சாதி நிலக்காரன் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பான். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று காலையும் மாலையும் கேட்டுவிட்டு வருகிற செவிக்கு அந்தச் சொல் உறுத்த வேண்டாமா?

வீட்டு வாசலிலும் இது நடக்கிறது. வீட்டார் மிதியடியை நடைப்படியின் அருகே விட்டு உள்ளே போகிறார்கள். விருந்தாளியும் அங்கேதான் விடுகிறார். தேங்காய் வெட்ட வந்தவரும் முற்றம் பெருக்க வந்த அம்மாவும் மட்டும் வெளிக்கேட்டின் அருகிலேயே கழற்றிவிட்டு, கொதிக்கும் முற்றத்தைக் குதிகாலை ஊன்றாமல் கடந்து வருகிறார்கள். அப்படிச் செய்யும்படி அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கும் நடைப்படிக்கும் நடுவே இருக்கும் அந்த இருபது முப்பது அடி தூரத்தைப் பற்றி, உச்சிப்படிப்பு முடிந்து அன்னம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவர், தம்முடைய செருப்பைக் கழற்றுமுன் கேட்டருகே திரும்பிப் பார்த்து, அங்கே தனியாகக் கிடக்கும் அந்தத் தேய்ந்த ஜோடியின் உரிமையாளரை அழைத்து, "இதை இங்க வந்து விடுங்கம்மா" என்று சொல்லலாம்.