வண்டியின் விலாசம்

பொய்களிலெல்லாம் மிகவும் மரியாதையான பொய் எது என்று கேட்டால், விலாசத்தைப் பற்றிச் சொல்லும் பொய்தான் என்பேன். பணத்தைப் பற்றிப் பொய் சொல்லுகிறவனுக்கு நாக்குக் கொஞ்சம் தடுமாறும். வயதைப் பற்றிப் பொய் சொல்லுகிறவரைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் குடியிருக்காத வீட்டைத் தன் வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு, தாம் பொய் சொல்லுகிறோம் என்ற நினைவே வருவதில்லை. 'நம்ம மைத்துனன் வீடுதானே!' என்று ஒரு சமாதானம். அதோடு காரியம் முடிந்தது.

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களிடையே இந்தப் பொய்க்கு நல்ல செல்வாக்கு. காரணம், வண்டிகளுக்கும் நம்மைப் போலவே ஊர் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இருந்துவிட்டால், அங்கே புது எண் வாங்கியாக வேண்டும் என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் வீட்டுக் கணக்கு. வண்டிகள் விஷயத்தில் சட்டம் தாராளமாக ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. தேசம் விட்டுத் தேசம் போகும் வண்டிகளுக்கு 1949-இல் ஜினீவாவில் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் இதே ஒரு வருஷக் கணக்குத்தான். சிங்கப்பூர் மட்டும் இன்னும் கறார். அங்கே குடியிருப்பவர், பக்கத்து ஜோகூரில் பதிவான மலேசியக் காரைத் தம் ஊருக்குள் ஓட்டக்கூடாது. கார் விருந்தாளியாக வரலாம். ஓட்டுகிறவர் வீட்டுக்காரர் ஆயிற்றே!

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அங்கே ஓட்டிய காரையும் கொண்டுவர ஆசைப்படுவதுண்டு. பழகிய வண்டியின் மேல் பாசம் வைப்பதைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் துபாயில் வாங்கிய வண்டிக்குச் சுக்கான் சக்கரம் இடது பக்கம் இருக்கும். நம் நாட்டு விதி வலது பக்கம் கேட்கிறது. ஓட்டிப் பழசான கார் என்றால், உற்பத்தியாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பம்பாய்த் துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும். சுங்க வரியோ வண்டியின் விலையையே தாண்டிப் போய்விடும். ஆகையால் பலர் அங்கேயே விற்றுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

அப்படியும் வரவழைக்க வசதி உள்ளவர்கள் உண்டு. 2012-இல் நடிகர் விஜய் இங்கிலாந்திலிருந்து ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரை வரவழைத்தார். சுங்க வரி கட்டியாயிற்று. பதிவு செய்யப் போனால், தமிழ்நாட்டின் நுழைவு வரியும் கட்ட வேண்டும் என்றார்கள். கடல் கடந்து வந்த பொருளுக்கு மாநிலமும் ஒரு வரி போடலாமா என்று அவர் உயர் நீதிமன்றத்தில் கேட்டார். போடலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் வேறு வழக்கில் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில் அவருடைய மனு தள்ளுபடியாகி, ஒரு லட்ச ரூபாய் அபராதமும் சில கடுமையான வார்த்தைகளும் அவருக்குக் கிடைத்தன. அந்த வார்த்தைகளை 2022 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பிலிருந்து நீக்கினார்கள். நீக்கியதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. பணக்காரன் வரியைப் பற்றிக் கேள்வி கேட்டால் நமக்கெல்லாம் ஓர் எரிச்சல் வருகிறது. வாஸ்தவம். ஆனால் சொந்தப் பெயரில், சொந்த விலாசத்தில், பட்டப்பகலில் நீதிமன்றத்தின் வாசற்படி ஏறிக் கேட்டவர் அவர். தோற்றால் கட்டத்தான் வேண்டும் என்பது தெரிந்தே கேட்ட கேள்வி அது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

பொய் வேறிடத்தில் இருந்தது. 2017-இல் கேரளத்தில் ஒரு விவகாரம் கிளம்பிற்று. விலை உயர்ந்த கார்களை வரி குறைந்த புதுச்சேரியில் பதிவு செய்து, கேரளத்துச் சாலைகளில் ஓட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு. புதுச்சேரியில் அவர்கள் குடியிருப்பதாகக் காட்டிய வீடுகளைப் போலீசார் தேடிக்கொண்டு போனார்கள். தெரிந்த பெயர்களும் அதில் அடிபட்டன. பெயர்களை விட்டுவிடுவோம். நாம் பேச வேண்டியது பெரிய மனிதர்களைப் பற்றி அல்ல. அவர்களைத் திட்டுவது சுலபம். திட்டிவிட்டால் நம் காரியம் முடிந்துவிட்டதாகவும் தோன்றிவிடும்.

மணவூர்க்காரர் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். அரக்கோணம் போகும் ரயில் நிற்கும் சின்ன ஊர் அது. அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. மனிதர் திருப்பதியில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தார். குடும்பம் வளர்ந்தது, கடன் வாங்கி ஒரு சின்னக் காரும் வாங்கினார். ஆயுள் வரியை ஆந்திர சர்க்காருக்கு ஒரே தவணையில் கட்டினார். 'ஆயுள்' என்றுதானே ரசீதில் இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்தார். இப்போது தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு வந்துவிட்டார்.

வந்த பிறகுதான் தெரிகிறது, ஆயுள் என்பது எல்லைக் கோடு வரைக்குந்தான் என்று. 28-ஆம் நமூனாவில் மனுப்போட்டுத் திருப்பதியில் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு காகிதம் வாங்க வேண்டும். கடன் கொடுத்த பாங்கியின் சம்மதம் வேண்டும். பிறகு 27-ஆம் நமூனா. வண்டியின் வயதுக்குத் தக்கபடி தமிழ்நாட்டுக்கும் ஓர் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு, புதுக் கார்களுக்கு அது விலையில் 12 முதல் 20 சதவிகிதம் வரை போகிறது; பழைய வண்டிக்குக் கொஞ்சம் குறையும். அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கான பணத்தை ஆந்திரத்திடம் அவரே மனுப்போட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2021-இல் வந்த 'பி.எச்.' என்ற அகில பாரத எண் அவருக்கு உதவாது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது காரியாலயம் உள்ள கம்பெனிக்காரர்களுக்குந்தான் அந்தச் சலுகை.

திருப்பதியில் மைத்துனர் இருக்கிறார். 'எதற்கு மாமா இத்தனை அலைச்சல்? வண்டி என் வீட்டில் இருக்கிறதாகவே இருக்கட்டும்' என்கிறார் அவர். நம் குமாஸ்தா ஒருதரம் வரி கட்டியவர். யாரையும் ஏமாற்றிச் சம்பாதித்தவர் அல்ல. சட்டம் அவரை இரண்டுதரம் கறக்கிறது. இந்த நிலையில் மைத்துனர் வீட்டு விலாசத்தை வைத்துக்கொண்டால் என்ன?

வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை. சர்க்கார் நியாயமாக நடந்தால் நானும் நியாயமாக நடப்பேன் என்பது பலவீனமான வாதந்தான். ஆனாலும் பசித்தவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த எண் வரி வசூலுக்காக மட்டும் வந்ததா? ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளில் காவடியும் காலில் சலங்கையுமாகக் கிழவர்களும் குழந்தைகளும் வெயிலில் நடந்து போகிறார்கள். பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் கார்கள் போகின்றன. யாரோ ஒரு கிழவியை ஒரு கார் தட்டிவிட்டுப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேண்டுமென்று இல்லை, இருட்டு, தூக்கக் கலக்கம், பயம். கூட வந்த பேரன் நாலு எழுத்தையும் நாலு எண்ணையும் மனத்தில் பிடித்துக்கொள்கிறான். அவன் கையில் உள்ள நீதி முழுவதும் அவ்வளவுதான். அதைப் பற்றிக்கொண்டுதான் போலீஸ் போக வேண்டும்; நஷ்டஈட்டு வழக்கில் நீதிமன்றத்தின் சம்மனும் போக வேண்டும். அது போய் நிற்கிற வாசலில், 'அவர் இங்கே இல்லையே, எப்போதாவது வருவார்' என்று ஒருவர் சொல்லுகிறார்.

நம் குமாஸ்தா அப்படிப்பட்ட ஓட்டுநர் அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மைத்துனர் வீட்டு விலாசத்தை எழுதிய அன்றே, முகந்தெரியாத அந்தப் பேரனிடம் அவர் 'என்னைத் தேடி வராதே' என்று சொல்லிவிட்டார். சர்க்காரிடம் சொன்ன பொய் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது, போய்ச் சேருவதென்னவோ அந்தப் பையனிடம்.

இதைச் சொல்லத் திருத்தணிப் பக்கத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ஒரு வீடுகூட நகரவில்லை, மலை நகரவில்லை. விலாசம் மட்டும் மாறிற்று. அந்த விலாசம் தங்களுடையது அல்ல என்று ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னே நின்றார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். திருவாலங்காடு கோவிந்தசாமியும் பழனிமாணிக்கமும் உயிரையே கொடுத்தார்கள். பட்டாஸ்கர் மத்தியஸ்தம் செய்து, 1959-இல் சட்டமாகி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. பதிலுக்குச் சத்தியவேடுப் பக்கம் ஆந்திரத்துக்குப் போயிற்று. அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இங்கேயும் தெலுங்குக் குடும்பங்கள் தங்கின. அவர்களுடைய மனக்குறையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

விலாசம் உண்மையாக இருக்க வேண்டும் என்று சிறைக்குப் போனவர்களின் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, மைத்துனர் வீட்டு விலாசத்தில் வண்டி ஓட்டுவது நம் குமாஸ்தாவுக்கே கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். உறுத்தி, அவர் இரண்டு நமூனாக்களையும் பூர்த்தி செய்து, நகையை அடகு வைத்து இங்கே வரியைக் கட்டிவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது அவர் சார்பில் இரண்டு சர்க்கார்களையும் ஒன்று கேட்க எனக்கு உரிமை வருகிறது. அன்று கிராமங்களை வரிசையாக எழுதி வைத்து, மனிதர்களோடும் கோயில்களோடும் ஒரே நாளில் கைமாற்றிக்கொள்ள உங்களுக்குத் தெரிந்ததே. இந்த மனிதர் கட்டிய பணத்தை உங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள மட்டும் ஏன் தெரியவில்லை? அவரை ஏன் திருப்பதிக்கு மறுபடியும் மனுவோடு அனுப்புகிறீர்கள்?