நுங்கு வண்டிக்குப் பல் முளைத்தால்

கோடை வந்தால் குத்துக்கல்வலசைப் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டிதான். தின்று முடித்த பனங்காய் இரண்டு, நடுவில் குச்சி, தள்ளக் கவைக்கம்பு. பொறியியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த வண்டிக்குப் பல்சக்கரம் பூட்டினால்? 1977-இல் பொம்மை நிறுவனமான லெகோ தொடங்கி, பின்னாளில் டெக்னிக் என்று பெயர்பெற்ற வரிசை, துளையிட்ட பிளாஸ்டிக் கட்டைகளோடு அச்சும் பல்சக்கரமும் தந்தது. அதில் 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும். திருகுவிசை ஏறத்தாழ மூன்று மடங்காகும். புளியரை ஏற்றத்தில் சுமை லாரி கியரைக் குறைப்பதும் இதே கணக்குதான்.

டெக்னிக் பெட்டியின் விலை மலைக்க வைக்கும், உண்மைதான். ஆனால் பெட்டி இல்லாமலும் கட்டலாம். தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்தே எத்தனையோ வடிவங்களைக் கட்டிக் காட்டியவர், பொம்மை வழியே அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா. தீக்குச்சிக்கு நமக்கா பஞ்சம்? பக்கத்திலேயே தீப்பெட்டி ஊரான கோவில்பட்டி!

ராத்திரி முழுக்கக் கட்டிய வண்டியைப் பிள்ளை காலையில் பிரித்துப் போட்டால், தயவுசெய்து திட்டாதீர்கள்.