தாய்மொழி என்ற இடம்

வெளிநாட்டில் குடியேறுகிற தமிழன் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையாக இருக்கிறான். தன் தலையாட்டல் எதிராளிக்கு மறுப்பாகப் பட்டுவிடுமோ என்றுகூட யோசிக்கிறான். மொழி வேறு என்பதே அவனுக்கு ஒரு காப்பு. ஜவ்வாது மலையில் நான் இருந்த வருஷங்களில் எனக்கு அந்தக் காப்பு இல்லை. அங்கே எல்லோரும் தமிழே பேசினார்கள். ஆகவே நான் அங்கே அந்நியன் என்பது என் பிரக்ஞையில் ஏறவே இல்லை.

அந்த மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்று அச்சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. 1976ஆம் வருஷத் திருத்தச் சட்டத்தில் வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் பெயரோடு சேர்த்தே இவர்கள் பட்டியலில் இடம்பெற்றார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்திருந்தும், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவனுக்கு ஆங்கிலப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொடுத்தபோது, இனம் என்ற இடத்தில் மலையாளி என்று எழுதிய கை, தாய்மொழி என்ற இடத்தில் மலையாளம் என்று எழுதிவிட்டது. வாசித்தும் காட்டினேன். தலையாட்டினான். படிவம் திரும்பி வந்தது. மலையிறங்கி ஏறியதில் அவனுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று.

"வாசிச்சப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றேன்.

"கவர்மெண்டுல எங்க பேச்சுக்கு அப்படிப் பேர் வச்சிருக்காங்களாக்கும்னு இருந்துட்டேன், சார்."

இதைத் தவறான புரிதல் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அப்படிச் சொல்வதில் இருவரும் சமமாகப் பிசகியது போன்ற தொனி இருக்கிறது. நடந்தது அதுவல்ல. பிசகியவன் நான். திருத்தும் பொறுப்பு அவன்மேல் விழுந்தது. திருத்தாததற்கு விலை கொடுத்தவனும் அவன்தான். என் கேள்வியிலேகூட ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அவன் மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். தன் வாயில் இருக்கும் மொழிக்குத் தாளில் வேறு பெயர் இருக்கக்கூடும் என்று நம்பும் அளவுக்குத் தாள்களோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது. அந்த நிலையை உண்டாக்கியவன் நான் அல்ல. ஆனால் அதன் சௌகரியத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

இதே மலையில், காவலூரில், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். நட்சத்திர ஒளி காற்றைக் கடக்கையில் கலங்கும் என்பதை வானியலாளர் கணக்கில் கொள்கிறார். குறுக்கே ஒன்றுமில்லை என்று அவர் எண்ணுவதில்லை. மொழி ஒன்று என்பதால் நான் அப்படித்தான் எண்ணிவிட்டேன்.

இரண்டாவது படிவத்தில் அந்த இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி அவனைக் கேட்டேன்.

"தமிழ்னே போடுங்க, சார்" என்றான். சொன்ன பிறகும், சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தான்.