அளவுச் சட்டை

நண்பருக்குக் கையாலேயே ஒரு சட்டை தைத்துக் கொடுக்க நினைப்பவர் முதலில் தேடுவது ஓர் அளவுச் சட்டையை. நண்பர் வெளியே போன நேரம் பார்த்து, அவர் அம்மாவிடம் சொல்லி, கொடியில் காயும் பழைய சட்டை ஒன்றை வாங்கி வந்துவிடலாம். தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அதில் கிடைத்துவிடும். புதுச் சட்டையைப் போட்டுக்கொள்ள அவருக்கு விருப்பம் உண்டா என்பது மட்டும் கிடைக்காது. அவரைக் கேட்டுவிட்டுத் தைப்பதா, சொல்லாமல் தைத்துக் கையில் கொடுப்பதா? அன்பின் பெயரால் இன்னொருவர் உடம்பின்மேல் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி.

ஒரே நிறச் சட்டையில் இந்தச் சிக்கல் குறைவு. தோள்பட்டை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், கை இன்னொரு நிறம் என்று துண்டுகளை இணைத்துத் தைக்கும் கலர் பிளாக் சட்டையில்தான் அது பெரிதாகிறது. துணிக்கடை மேசையில் அழகாகத் தெரிந்த ஜோடி, தெருவில் வேறு பேச்சுப் பேசும். தமிழ்நாட்டில் மேலே கருப்பும் கீழே சிவப்புமாகத் தைத்தால் அது திமுக கொடி. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் விடுதலைச் சிறுத்தைகள் நினைவு வரும். நடுவில் மஞ்சளும் சேர்ந்தால் பாமக. கருப்புச் சட்டை ஒன்றே பெரியார் தொண்டருக்கு ஒரு பொருள், மாலை போட்ட ஐயப்ப பக்தருக்கு வேறு பொருள். ஊசி பிடித்தவர் வெறும் நிறப் பொருத்தமாகத்தான் பார்த்திருப்பார். டீக்கடையில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதைப் போட்டிருப்பவர்.

"இத்தனை நேரம் உட்கார்ந்து தைத்திருக்கிறேனே" என்று தைத்தவருக்குத் தோன்றலாம். நேரம் உண்மையில் பெரிதுதான். 19ஆம் நூற்றாண்டில் வீலர் அண்டு வில்சன் என்ற அமெரிக்கத் தையல் இயந்திர நிறுவனம் வெளியிட்ட கணக்கில், ஆண்கள் சட்டை ஒன்றுக்குக் கைத்தையலில் 14 மணி நேரத்துக்கு மேல். இயந்திரத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. ஆனால் அதே நூற்றாண்டில் லண்டன் தையல்காரப் பெண்கள் அந்த நேரத்தை அரை வயிற்றுக் கூலிக்குக் கொடுத்தார்கள். ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹூட் 1843இல் அவர்களுக்காக எழுதிய கவிதை பஞ்ச் என்ற இதழில் வந்தது. ஆகவே மணிக்கணக்கைக் காட்டி அன்பை நிறுவ முடியாது. நண்பருக்கு ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும், இறுக்கமான காலர் கழுத்தை உறுத்தும் என்று அறிந்து வெட்டுவதில் இருக்கிறது அன்பு. அடர்நிறத் துணியை வெட்டுவதற்கு முன்பே தனியாக அலசி, தண்ணீர் தெளியும்வரை மறுபடி மறுபடி அலசி எடுப்பதில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் முதல் சலவையிலேயே சிவப்பு இறங்கி வெள்ளைத் துண்டெல்லாம் ரோஸாகிவிடும். அந்த அலசலை நண்பர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

சொல்லாமல் தைப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. கேட்டால், "எதுக்குப்பா சிரமம், வேண்டாம்" என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். தனக்கென்று யாரும் எதையும் செய்து தந்திராத ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால், ஆசை இருந்தும் சட்டை கிடைக்காமலே போய்விடும். கேள்வி சில நேரம் பரிசைக் கொன்றுவிடுகிறது.

அதனால் சட்டை வேண்டுமா என்று கேட்க வேண்டியதில்லை. நிறத்தைக் கேட்டே ஆக வேண்டும். பிட்டுத் துணிகளை நண்பர் முன் பரப்பி, எதையெல்லாம் அவர் கை ஒதுக்குகிறது என்று பார்த்தால் போதும். எந்த நிறம் எங்கே வரும் என்பதைத் தைப்பவர் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம்.

கொடுத்த பிறகுதான் கடினமான பகுதி. "அந்தச் சட்டையை ஏன் போடுவதில்லை?" என்று ஒருமுறை கேட்டாலும் போதும், பரிசு கடனாகிவிடும். பீரோவில் மடித்தே இருந்தாலும், தம்பிக்குப் போனாலும், அது நண்பரின் சட்டை. பிள்ளைகளுக்குத் துணி தைக்கக் கொடுக்கும் அம்மாக்கள் டெய்லரிடம், "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க, பிரிச்சுக்கலாம்" என்பார்கள். இந்தச் சட்டைக்கும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு, ஓரம் பிசிறாமல் சுற்றித் தைத்து வைக்கலாம். பின்னால் எந்தக் கடையிலாவது கொடுத்து அவர் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்வார்.